நடுக்கோடு

மூன்றாவது தடவையும் சொட்டு விழுந்தது. "தொறக்கப்படாதுங்கய்யா, டாக்டர் கூப்பிடற வரைக்கும் மூடியே இருங்க, கண்மணி நல்லா விரியோணும்" என்று சொல்லிவிட்டு நர்ஸ் பெண் பக்கத்து நாற்காலிக்குப் போய்விட்டாள். விரியட்டும். நஞ்சப்பனுக்கு அது புரிகிற பாஷைதான், லென்சின் வாயை முழுசாகத் திறந்து வெளிச்சத்தை உள்ளே விடுகிற மாதிரி. ஆனால் லென்சுக்கு எரிச்சலும் கிடையாது, பயமும் கிடையாது. இவருக்கு இரண்டும் இருந்தன. எரிச்சல் இரண்டு நிமிஷத்தில் போய்விடும் என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள், பயத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வலது கண்ணில் நேர்கோடு வளைகிறது. அவ்வளவுதான் விஷயம். வலி இல்லை, சிவப்பு இல்லை, பீளை இல்லை. கோடு இந்தப் பக்கம் நேராக வருகிறது, அந்தப் பக்கம் நேராகப் போகிறது, நடுவில் மட்டும் யாரோ விரலை வைத்து அமுக்கின மாதிரி இறங்கி ஏறுகிறது. இன்னும் சற்று நேரத்தில் டாக்டர் விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லுவார். அதுகூடப் பரவாயில்லை, அதற்கு முன்னால் லென்சு விற்கிற ஹபீப் வந்துவிடுவான். கூட யார் வந்திருக்கிறார்கள் என்று நர்ஸ் கேட்டபோது யாருமில்லை, நானே வண்டியில் வந்தேன் என்று கெத்தாகத்தான் சொன்னார். "சொட்டு போட்டா வண்டி ஓட்ட முடியாதுங்கய்யா. ஆள் இல்லாம டாக்டர் பார்க்க மாட்டாங்க. யாருக்குப் போன் போடட்டும், சொல்லுங்க" என்று அவள் போனை வாங்கிக்கொண்டாள். அதற்குள் முதல் சொட்டு விழுந்து எழுத்தெல்லாம் கரைந்துபோயிருந்தது. கலாமணி என்று சொல்லியிருக்க வேண்டும். முப்பத்தைந்து வருஷம் குடும்பம் நடத்தினவள், சிங்காநல்லூரிலிருந்து ஆட்டோ பிடித்தால் இருபது நிமிஷம். வாய் மட்டும் "ஹபீப் பாய்னு இருக்கும் பாரு அம்மணி" என்றது. எதற்காக அப்படிச் சொன்னது என்று இப்போதும் அவருக்குப் பிடிபடவில்லை.

போனை எடுத்தவன் "சொல்லுங்ணா" என்றான். அதே "சொல்லுங்ணா". ஒன்பது நாளைக்கு முன்னால் பதினோரு பேர் நடுவில் தன்னைத் திருடன் என்று சொன்ன மனுஷனுக்கும் அதே குரல். "கண்ணாஸ்பத்திரியில இருக்கறேன் பாய். கூட ஆள் வேணுமாமா" என்றார். அந்தப் பக்கம் பஸ் ஹாரன் கேட்டது, யாரோ என்னவோ விலை கேட்டார்கள், அப்புறம் "வந்தர்றேனுங்ணா" என்று வைத்துவிட்டான். ஏன், எதற்கு, என்ன ஆச்சு என்று ஒரு கேள்வி இல்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கேட்காதவன் வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வருவான். உக்கடத்திலிருந்து வர வேண்டும், சிக்னல் ஐந்து இருக்கிறது, ஐந்தும் சிவப்பாக விழட்டும், வாலாங்குளத்துப் பக்கம் ஏதாவது ஊர்வலம் குறுக்கே போகட்டும் என்று நஞ்சப்பன் வேண்டிக்கொண்டார். வேண்டிக்கொண்ட உடனேயே அவன் வராவிட்டால் என்ன செய்வது என்ற பயம் வந்தது. மூடின இமைக்குள் ஆரஞ்சு நிறமாக வெளிச்சம் ததும்பியது. அதன் நடுவில் ஏதாவது கறை தெரிகிறதா என்று தேடினார். தேடினால் தெரிந்தது. தேடாமல் விட்டால் தெரியவில்லை. வலது பக்கமா இடது பக்கமா என்று சொல்ல முடியவில்லை, இரண்டும்தான் மூடியிருக்கின்றனவே. இரண்டிலும் இருந்துவிட்டால் என்று ஒரு நினைப்பு எட்டிப் பார்த்தது, அதை அப்படியே கழுத்தைப் பிடித்துத் தள்ளிவிட்டு, விரல்களை முழங்கால் மேல் வைத்து ஒன்று இரண்டு என்று எண்ணத் தொடங்கினார்.

நஞ்சப்பனைப் போய்க் கோணல் பயமுறுத்துவதைப் பார்த்தால் பீளமேட்டுப் பக்கம் பாதிப் பேர் சிரிப்பார்கள். பம்பு கம்பெனியில் முப்பத்து நான்கு வருஷம் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தவர். எஃகுப் பட்டையைச் சாமானின் மேல் வைத்து, வெளிச்சத்துக்கு நேரே தூக்கி, இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணால் பார்ப்பார். மயிரிழை வெளிச்சம் அடியில் கசிந்தாலும் போதும், சிவப்புப் பெயிண்டைத் தொட்டு ஒரு பொட்டு. பொட்டு விழுந்த சாமான் உருக்கப் போகும். முதலாளியின் மச்சான் வந்து கெஞ்சியும் ஒரு பொட்டைக்கூட அவர் அழித்ததில்லை. அந்த வலது கண்தான் ரிட்டையரானதும் சும்மா இருக்க மாட்டேன் என்றது. குடியில்லை, சீட்டில்லை, வெற்றிலைகூட இல்லை. கெட்ட பழக்கம் ஒன்றாவது வேண்டாமா என்றுதானோ என்னவோ, கேமரா பிடித்துக்கொண்டது. அதுவும் எல்லாரும் வைத்திருப்பது அல்ல, மீடியம் ஃபார்மட். உள்ளே இருக்கிற சென்சார் சாதாரணக் கேமராவினுடையதைவிடப் பெரிசு, ஒரு படத்தில் பத்துக் கோடிப் புள்ளி. கலாமணியை ஜன்னலோரம் உட்கார வைத்து எடுத்த முதல் படத்தைக் கம்ப்யூட்டரில் பெரிசாக்கிக்கொண்டே போனார். மூக்குத்திக் கல்லின் பட்டை தெரிந்தது. இமை மயிர் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. கண்ணின் கருப்புக்குள் ஜன்னல் தெரிந்தது. ஜன்னலுக்கு முன்னால் கேமராவும் கையுமாக ஒரு கிழவன் நின்றுகொண்டிருந்தான். அது தான்தான் என்று புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. இத்தனை வருஷம் அவள் கண்ணுக்குள் தான் இப்படித்தான் இருந்தோமா என்று அன்றைக்கு அந்த ஜன்னலையே இன்னும் பெரிசாக்கிப் பார்த்தார். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் கேலி செய்வாள். அந்தப் படம் இப்போதும் ஹாலில் மாட்டியிருக்கிறது, போன வாரம் முழுக்க அதைப் பார்க்காமலே அந்தப் பக்கம் நடந்தார்.

எரிச்சல் அடங்கிவிட்டது. கன்னத்தில் வழிந்த மருந்தைத் துடைக்கலாமா கூடாதா என்று தெரியாமல் அப்படியே விட்டார். பக்கத்து நாற்காலிக்காரர் யாரிடமோ "எனக்குப் பொரைதானுங்க, எடுத்துப்போட்டா ஆச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கொடுத்து வைத்தவர். கண்புரை வந்திருக்கக் கூடாதா தனக்கும்? ஊரில் எல்லாருக்கும் வருகிறது, எடுத்துப்போட்டால் ஆயிற்று. இது அது இல்லை என்று அந்த வெள்ளிக்கிழமையே தெரியும். தெரியுமா? தெரியும். குளித்துக்கொண்டிருந்தார். இடது கண்ணில் சோப்பு போய்விட்டது. அதை இறுக்கி மூடிக்கொண்டு செம்பைத் தேடினபோது எதிரே சுவரில் டைல்ஸ் இணைப்பு ஓடியது. தானே மேஸ்திரி பக்கத்தில் நின்று நூல் பிடித்துப் பார்த்துப் பதிக்க வைத்த டைல்ஸ். அது வளைந்திருந்தது. சோப்புத் தண்ணி என்று நினைத்தார். வலது கண்ணையும் கழுவினார், மறுபடியும் பார்த்தார், வளைந்திருந்தது. அப்புறம் என்ன செய்தார் என்பதை நினைத்தால்தான் இப்போது கூசுகிறது. இடது கண்ணைத் திறந்தார். கோடு நேராகிவிட்டது. துண்டை எடுத்துத் தலையைத் துவட்டிக்கொண்டு, வெளியே வந்து, கலாமணி கொடுத்த காப்பியைக் குடித்தார். அவ்வளவுதான் செய்தார். ஒரு சாமானை அப்படிக் கண்ணை மூடிக்கொண்டு தாண்ட விட்டிருந்தால் அவருடைய கை அவரையே அடித்திருக்கும். அன்றைக்குப் பகல் முழுக்க ஒற்றைக் கண்ணை மூடாமல் ஜாக்கிரதையாக இருந்தார். ராத்திரி படுத்தபோது மின்விசிறியின் றெக்கையைப் பார்க்கவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. சாயங்காலம் ஹபீப் ஒரு லென்சைக் கொடுத்தான். பழைய கேமரா, லென்சு வாங்கி விற்கிறவன், உக்கடத்துப் பக்கம் ஒப்பணக்காரத் தெரு சந்தில் ஒரு ஆள் நிற்கிற அளவு கடை. போட்டோ கிளப்பில் கூட்டாளி. நாற்பத்தைந்து வயசிருக்கும், அவர் அவனைப் பாய் என்பார், அவன் அவரை அண்ணா என்பான். ஒரு வருஷமாகத் தேடிக்கொண்டிருந்த லென்சு, துணியில் சுற்றிக் குழந்தையைக் கொடுக்கிற மாதிரி இரண்டு கையாலும் கொடுத்தான். வீட்டுக்கு வந்து மாட்டி, வழக்கப்படி முதலில் சுவரை எடுக்கப் போனார். இந்தக் கேமரா ஆட்கள் எல்லாரும் இப்படித்தான். மலை, மயில், கோயில் என்று ஆயிரம் இருக்க, புது லென்சு வந்தால் செங்கல் சுவரின் முன்னால் போய் நிற்பார்கள், கோடு கோடாகச் சரிபார்ப்பார்கள். எதிர் வீட்டுக்காரர் பூசாமல் விட்டிருந்த செங்கல் காம்பவுண்டு இதற்கென்றே கட்டினது மாதிரி இருக்கும். ஸ்டாண்டை நிறுத்தி, வலது கண்ணை வைத்துக் கேமராவுக்குள் பார்த்தார். நடு வரிசைச் செங்கல் வளைந்திருந்தது. அந்த நிமிஷம் அவருக்கு வந்தது கோபமில்லை. சந்தோஷம். அப்படி ஒரு சந்தோஷம் அவர் வாழ்க்கையில் நாலைந்து தடவைதான் வந்திருக்கும். லென்சு! லென்சுதான் கோணல்! முந்தின நாள் டைல்சைப் பார்த்தபோது இந்த லென்சு கைக்கே வரவில்லை என்று உள்ளே ஒருத்தன் மெதுவாகச் சொன்னான். அவனை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு வாரம் சுவரை எடுத்தார். "ஊட்டிக்குப் போயி எடுக்கறேன்னு வாங்கின கேமராவுல செவுத்தையே எடுத்துட்டு இருக்கறீங்களே, அந்தச் செவுறு ஓடியா போகப்போகுது?" என்று கலாமணி கேட்டாள். கேமராவுக்குள் வளைந்த கோடு கம்ப்யூட்டரில் இரண்டு கண்ணாலும் பார்த்தால் நேராக இருந்தது. அதற்கும் ஒரு காரணம் கையில் வைத்திருந்தார். சாஃப்ட்வேர் திருத்திவிடுகிறதாம், லென்சின் குற்றத்தை மறைத்துப் படத்தை நிமிர்த்திக் கொடுக்கிறதாம். அப்படி நடப்பதும் உண்டுதான், அதனால் பொய் சொல்வது சுலபமாக இருந்தது. கேமராவுக்குள் தெரிகிற கட்டக் கோடுகளை மட்டும் அவர் போட்டுப் பார்க்கவில்லை. அது கேமரா தானே போடுகிற கோடு, லென்சு வழியாக வருவதில்லை. அதுவும் வளைந்தால் அப்புறம் லென்சைச் சொல்ல முடியாது. பட்டன் கட்டைவிரலுக்குக் கீழேதான் இருந்தது. விரலை அதன் பக்கம் கொண்டுபோகவே இல்லை.

வாசலில் யாரோ செருப்பைக் கழற்றினார்கள். நஞ்சப்பனின் முதுகு நிமிர்ந்தது. இல்லை, பெண் குரல். குழந்தை ஒன்று எதற்கோ சிணுங்கியது. இன்னும் நேரமிருக்கிறது. வந்ததும் என்ன சொல்வது? மன்னிச்சுக்க பாய் என்றா? எதற்கு என்று கேட்டால்? தெரியாமல் பேசிவிட்டேன் என்று சொல்லலாம். கண்ணில் கோளாறு என்று தெரியாமல் லென்சைச் சந்தேகப்பட்டுவிட்டேன், யாருக்கும் வரக்கூடியதுதானே. ஹபீப் நல்லவன், அய்யோ அப்படியாங்ணா, அதுக்கென்னங்ணா என்று சொல்லிவிடுவான். அதற்கு வழியும் செய்துவைத்தாயிற்று. காலையில் கட்டம் போட்ட அட்டையைக் காட்டின பெண், ஒரு கண்ணை மூடி நடுப்புள்ளியைப் பார்க்கச் சொன்னாள். வளைகிறது என்று ஒப்புக்கொண்டார். "எத்தனை நாளாங்கய்யா?" என்று கேட்டாள். மூன்று நாளாக என்றார். ஏன் மூன்று? பதினெட்டு என்று வாய் வரைக்கும் வந்தது, பதினெட்டு நாள் என்ன செய்தாய் என்று அவள் கேட்டுவிடுவாளோ என்று இருந்தது. அவள் மூன்று என்று எழுதிக்கொண்டாள். பேனா காகிதத்தில் ஓடின சத்தம் நன்றாகக் கேட்டது. முப்பத்து நான்கு வருஷத்தில் அவர் கொடுத்த முதல் பொய் அளவு அது. அதுவும் தன் கண்ணுக்கே.

அந்த ஒரு வாரம் கழிந்த ஞாயிற்றுக்கிழமை பேக்கரி மாடியில் கிளப் கூடியபோது, தேங்காய் பன்னும் டீயும் வந்திருந்தன. யாரும் இவரை ஒன்றும் கேட்கவில்லை. தானாகத்தான் எழுந்தார். "கீழ வுழுந்த லென்சைத் தொடச்சு எந்தலையில கட்டிப்புட்டாரு பாய். கோடு வில்லாட்ட வளையுது" என்றார். ஹபீப் சிரிக்கிறானா என்று பார்த்தார், அவன் சிரிக்கவில்லை. எழுந்து வந்து, கேமராவை வாங்கி, கண்ணை வைத்து, எதிரே பேக்கரிக்காரரின் ஜன்னல் கம்பியைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். "நேராத்தானுங்ணா இருக்குது" என்றான். "பொய் சொல்றே." "எம்புள்ள மேல சத்தியமுங்ணா, நேரா இருக்குது." ஓரத்தில் உட்கார்ந்திருந்த ரிட்டையர்டு தாசில்தார், ஆடத் தெரியாதவ கூடம் கோணல்ன்னாளாம் என்று சொல்லிவைத்தார். நான்கு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில்தான் நஞ்சப்பனுக்குக் கண்மண் தெரியாமல் போயிற்று. "திருட்டு ஏவாரம் பண்றவனுக்குச் சத்தியம் ஒரு கேடா?" என்றார். அந்த வார்த்தை இப்போதும் காதில் நிற்கிறது, அதே குரலில், அதே பேக்கரி வாசனையோடு. குடுங்க நானும் பார்க்கறேன் என்று வேறு இருவர் எழுந்தார்கள். இவர் சட்டென்று கேமராவை அணைத்துப் பைக்குள் போட்டு, பேட்டரி தீர்ந்துபோச்சு என்றார். பேட்டரி தீரவில்லை. அவர்களும் நேராக இருக்கிறது என்று சொல்லிவிட்டால் அப்புறம் தான் எங்கே போய் நிற்பது? பைக்குள்ளேயே லென்சைக் கழற்றி எடுத்து மேஜை மேல் டீ கிளாசுக்குப் பக்கத்தில் வைத்தார். ஹபீப் அதன் மூடியைத் தேடி எடுத்து மூடினான், துணியில் சுற்றினான், படியிறங்கிப் போனான். டீயைக்கூட அவன் குடிக்கவில்லை. அன்றைக்கு நஞ்சப்பனின் வேண்டுதல் என்ன தெரியுமா? ஹபீப் நிஜமாகவே திருடனாக இருக்க வேண்டும் என்பதுதான். அவன் திருடன் என்றால் கண் நல்ல கண். கண் கெட்டது என்றால் அவன் யோக்கியன். ஒரு மனுஷனின் யோக்கியதையைப் பார்த்து இப்படிப் பயந்தவன் உலகத்திலேயே தான் ஒருத்தன்தான் என்று இப்போது தோன்றியது.

நேற்று அந்த வேண்டுதலும் முடிந்துபோயிற்று. இரண்டு வருஷமாக ஒரு தப்பும் செய்யாத பழைய லென்சை மாட்டி, கலாமணியை அதே ஜன்னலோரம் உட்காரச் சொன்னார். "இன்னைக்காவது செவுத்தை வுட்டுட்டு என் ஞாபகம் வந்துச்சே" என்று முந்தானையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தாள். கேமராவில் கண்ணை வைத்தார். நெற்றி தெரிந்தது. பூ தெரிந்தது, காது தெரிந்தது, சேலைக் கரை தெரிந்தது. மூக்குத்தி இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. கறுப்பாகக்கூட இல்லை, ஈரச் சுவரில் கட்டைவிரலால் தேய்த்த மாதிரி ஒரு மழுக்கல். கண்ணை நகர்த்தினார், மழுக்கலும் நகர்ந்தது. அவள் கண்ணைப் பார்த்தால் கண் போயிற்று, வாயைப் பார்த்தால் வாய் போயிற்று. எங்கே பார்க்கிறாரோ அங்கே அவள் இல்லை. அப்போதுதான் கட்டைவிரலுக்குக் கீழே இருந்த பட்டனை அழுத்தினார். கட்டக் கோடுகள் வந்தன, நடுக்கோடு அவள் முகத்தின் மேல் வளைந்து இறங்கி ஏறியது. "ஏனுங்க, எடுத்தாச்சுங்களா?" என்று அவள் கேட்டாள். படம் எடுத்தேன் என்று சொன்னார். எடுக்கவில்லை. ராத்திரி போனில் தேடிப் பார்த்தார், நடுப்பார்வை போய்விடும் ஓரம் மட்டும் நிற்கும் என்று ஒருவர் எழுதியிருந்தார், ஒரு கண்ணில் வந்தால் மற்றக் கண்ணையும் கவனிக்க வேண்டும் என்று இன்னொருவர். அதற்கு மேல் படிக்காமல் மூடினார். கம்பெனியில் கிரைண்டிங் தூள் தெறித்து ஒரு கண் போன பழனியப்பன் ஞாபகம் வந்தான். அதற்கப்புறம் அவன் டீ ஊற்றும்போது டம்ளருக்குப் பக்கத்தில் ஊற்றுவான். எல்லாரும் பார்க்காத மாதிரி இருப்பார்கள். அவனும் தெரிந்தே துணியைக் கையில் வைத்துக்கொண்டு ஊற்றுவான். காலையில் கலாமணியிடம் ஹபீப் கடைக்குப் போய் லென்சைப் பற்றிப் பேசிவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று எங்கோ கேட்டது வழியெல்லாம் கூடவே வந்தது. இந்தத் தமிழில்தான் கண்ணை வைத்து எத்தனை பேச்சு, ஒன்றைத் தள்ளினால் இன்னொன்று வருகிறது.

"உங்க ஆள் வந்துட்டாருங்கய்யா" என்றாள் நர்ஸ். செருப்புச் சத்தம் கேட்காமலே வந்துவிட்டான். அவன் சட்டையில் எப்போதும் இருக்கிற, லென்சு துடைக்கிற மருந்தின் வாசனைதான் முதலில் வந்தது. கண்ணைத் திறந்தார். வெள்ளையாக ஏதோ குனிந்து நின்றது, அதற்கு முகம் இல்லை. "வண்டி சாவியக் குடுங்ணா" என்றது. கொடுத்தார். "அக்காவுக்குத் தெரியுமா?" "தெரியாது பாய்." "ம்." முழங்கையைப் பிடித்து எழுப்பினான். பிடி கெட்டியாகத்தான் இருந்தது. இருட்டு அறையில் ஒரு மிஷினில் தாடையை வைக்கச் சொன்னார்கள். உள்ளே பச்சையாக ஒரு சிலுவைக் கோடு தெரிந்தது, அதன் நடுவைப் பார்க்க வேண்டுமாம், நடுதான் அங்கே இல்லையே. "அசையாதீங்க, சிமிட்டாதீங்க" என்றான் படம் எடுக்கிறவன். எத்தனை பேரிடம் எத்தனை சுலபமாக இதைச் சொல்லியிருக்கிறோம் என்று நினைத்தார், எதிர்ப்பக்கம் உட்கார்ந்தவர்கள் எல்லாரும் இப்படித்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்களா? சிமிட்டிவிட்டார். மறுபடியும் எடுத்தார்கள். அப்புறம் டாக்டர் அறை. டாக்டர் அம்மா கண்ணுக்குள் விளக்கை அடித்தபோது உலகம் முழுக்க வெள்ளையாகி வலித்தது. பிறகு ஏதோ திரையை இந்தப் பக்கம் திருப்பி, "இங்க பாருங்க, இதுதான் உங்க விழித்திரை" என்றார். சாம்பல் நிறத்தில் ஏதோ மெழுகினாற்போல் இருந்தது. பின்னால் நாற்காலியைப் பிடித்தபடி நின்றவனிடம் நஞ்சப்பன், "பாய், கோடு எப்படி இருக்குது?" என்று கேட்டார். கேட்டது தன் குரல்தானா என்று சந்தேகமாக இருந்தது. ஹபீப் குனிந்து பார்த்தான். அன்றைக்கு ஜன்னல் கம்பியைப் பார்த்த அதே மாதிரி ரொம்ப நேரம் பார்த்தான். நேராத்தானுங்ணா இருக்குது என்று சொல்லிவிட மாட்டானா, ஒரே ஒரு தடவை, எம்புள்ள மேல சத்தியம் என்று சேர்த்துச் சொல்லிவிட மாட்டானா என்று அவர் உடம்பு முழுக்கக் காதாக உட்கார்ந்திருந்தார். "வளைஞ்சிருக்குதுங்ணா" என்றான் ஹபீப். "நடுவுல மேடாயிருக்குது." சொல்லிவிட்டு அவர் தோளில் கையை வைத்தான்.

"அடியில நீர் கோத்திருக்கு, கொஞ்சம் ரத்தக் கசிவும் இருக்கு" என்றார் டாக்டர். "ஊசி போட்டுத்தான் நிறுத்தணும். ஆனா மூணு நாள்னு எழுதியிருக்கு, பார்த்தா அப்படித் தெரியலையே. சரியா எத்தனை நாளாச்சு? யோசிச்சுச் சொல்லுங்க. எவ்வளவு பார்வை திரும்பும்கிறது அதைப் பொறுத்துத்தான் இருக்கு." யோசிக்க என்ன இருக்கிறது? ஒவ்வொரு நாளும் தெரியும். தோளில் இருந்த கை சூடாக இருந்தது. இவனைச் சித்த நேரம் வெளியே இருக்கச் சொல்லலாம், டாக்டரிடம் மட்டும் சொல்லிவிடலாம். பாய், தண்ணி ஒரு டம்ளர் வாங்கிட்டு வர்றியா? ஒரே ஒரு வாக்கியம். ஒரு வாரத்துக்குள் என்று பட்டும்படாமல் சொன்னால்கூடப் போதும், எந்தக் கிழமை என்று யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் டாக்டரின் பேனா காகிதத்தின் மேல் காத்துக்கொண்டிருந்தது தெரிந்தது, அது இன்னொரு பொய் அளவை எழுதிக்கொள்ளும், எழுதின அளவுக்குத்தான் வைத்தியம் நடக்கும். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவளுக்கு மூக்குத்தி இல்லை, முகம் இல்லை. நஞ்சப்பன் நாற்காலியில் நேராக உட்கார்ந்தார். "பதினெட்டு நாளுங்க" என்றார். "வெள்ளிக்கிழமை. காலையில குளிக்கறப்போ டைல்சுல பார்த்தேன்." தோளில் இருந்த கை அசையவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினார். அப்புறம் மேலே, தலைக்குப் பின்னாலிருந்து, சத்தமில்லாத குரலில், "சனிக்கிழமைதானுங்ணா நான் லென்சு குடுத்தேன்" என்றான் ஹபீப். அவன் சண்டைக்குக் கேட்கவில்லை, கணக்குச் சரியா என்று கேட்கிற மாதிரிதான் கேட்டான். "ஆமா பாய்" என்றார் நஞ்சப்பன். கை தோளை விட்டுப் போயிற்று.

டாக்டர் எழுதி முடித்தார். தள்ளிப்போடக் கூடாது, இன்றைக்கே முதல் ஊசி, கண்ணுக்குள் போடுவது, மரத்துப்போக மருந்து விடுவோம், பயப்பட வேண்டாம், இருப்பது போகாமல் பார்க்கலாம், போனதில் கொஞ்சம் திரும்பலாம், திரும்பாமலும் இருக்கலாம் என்றார். அத்தனையும் காதில் விழுந்தது. கண்ணுக்குள் ஊசி என்ற வார்த்தைக்கு உடம்பு தனியாக ஒரு தடவை உதறியது. ஆனால் அவர் கேட்டுக்கொண்டிருந்தது வேறொன்றை. பின்னால் செருப்பு நகர்கிறதா, கதவு திறக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தார். போனால் தப்புச் சொல்ல முடியாது. வண்டி சாவியை மேஜை மேல் வைத்துவிட்டு, லென்சைச் சுற்றிக்கொண்டு படியிறங்கின மாதிரியே இறங்கிப் போகலாம். நர்ஸ் ஏதோ காகிதத்தோடு வந்தாள். "கூட வந்தவங்க இங்க ஒரு கையெழுத்துப் போடோணுமுங்க" என்றாள். மின்விசிறி ஓடியது. பிறகு பேனா மூடியைத் திறக்கிற சத்தம் கேட்டது. "எந்த எடத்துலீங்க?" "இங்க பேரு, இங்க கையெழுத்து. பேசண்டுக்கு நீங்க என்ன உறவுங்க?" பேனா நின்றுவிட்டது. நஞ்சப்பன் விரியத் திறந்த இரண்டு கண்ணையும் சத்தம் வந்த பக்கம் திருப்பினார். வெள்ளைச் சட்டை ஒன்று கலங்கலாக நின்றது, இடது கண்ணை மூடினால் நடுவில் வளைந்தது. ஊசிக்குக்கூட இப்படிப் பயப்படவில்லை.

"ஃப்ரெண்டுன்னு எழுதிக்கங்க" என்றான் ஹபீப். "இப்பத்திக்கு."

அப்புறம் அவர் முழங்கையைப் பிடித்து, "படி இருக்குதுங்ணா, பார்த்து" என்று ஊசி போடுகிற அறைக்குக் கூட்டிக்கொண்டு போனான்.